பொரி நின்ற இடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். குன்னூரில் ஊருக்குள் ஓடும் ஆற்றைச் சீர்ப்படுத்தும் வேலை இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. எங்கள் திட்ட அலுவலகத்தை மூடி, ஒப்பந்தத்தில் இருந்த எங்களை எல்லாம் அனுப்பிவிட்ட பிறகு வரைபடங்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்கள்.

"அண்ணா, இந்தப் பள்ளத்தோட மேல்கரை எல்லா இடத்துலயும் நில மட்டத்தை ஒட்டியே போகுது. இந்த ஒரு இடத்துல மட்டும் மேட்டுக்குள்ள புகுந்து வளைஞ்சிருக்கே. அளவு தப்பா? நிரப்பிடலாமா?"

அளவு தப்பில்லை என்றேன்.  காரணத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

முப்பத்தைந்து வயதில் ஒருவன் பணி அனுபவம் எழுதுவது சிரிப்பான விஷயம்தான். எங்கள் ஜீப்பை ஓட்டிய பெள்ளி அண்ணன் முறையாக வயதாகி ஓய்வு பெற்று, பிக்கட்டியில் கேரட் போடுகிறார். வழியில் பார்த்தால் கேலி செய்வார்: "எனக்கு முட்டி தேஞ்சு ரிட்டயர்டு. உனக்கு ஆபீஸ் தேஞ்சு ரிட்டயர்டு. ரெண்டு பேரும் ஒண்ணுதான், வா, கேரட் கழுவலாம்." அவருக்குத் தோட்டம் இருக்கிறது. எனக்கு இந்த ஊர்த் தண்ணீர் எந்தெந்த வழியாகப் போகும் என்பது தெரியும். அதைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

என் அப்பா எஸ்டேட்டில் மருந்து அடித்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். இரண்டு பேரும் சிறு வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். மழைநீரைப் பற்றி அங்கே நான் கற்றது ஒரே பாடம்: வந்த தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறோமோ அவ்வளவு நல்லது, வாய்க்கால் எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. அப்பா நான் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். படித்து முடித்ததும் திட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பாடத்தை மறக்கச் சொன்னார்கள்.

மலையில் பெய்கிற மழை தகரக் கூரையிலும் தார் ரோட்டிலும் விழுந்து, சிமெண்ட் வாய்க்காலில் வழுக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றில் வந்து விழுகிறது. அன்றைக்கு ஆறு பொங்கி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றோர வீடுகளுக்குள் புகும். மழைக்காலம் முழுக்க அந்த வீடுகளில் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டில் மேல்தான் இருக்கும். மழை நின்றால் அதே ஆறு சாக்கடையாகிவிடும். ஓடுகிற தண்ணீரை வழியில் புல்லிலும் செடியிலும் சதுப்பிலும் நிறுத்தி, மெதுவாக விடுவதுதான் எங்கள் வேலை. சொல்ல எளிது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

எங்களுக்கு மேலே சிவகாமி மேடம். பொள்ளாச்சிப் பக்கம். ஜீப் துடைக்கிறவரிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரி வரை எல்லாரையும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுத்தான் பேசுவார். குரல் உயராது. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். கண்ணாடி சுத்தமாகும் வரைக்கும் நாங்கள் நின்றுகொண்டிருப்போம். குடை பிடிக்க மாட்டார். "மேடம் குடையே புடிக்க மாட்டாங்க, அப்புறம் ஜீப்புக்கு மட்டும் கூரை எதுக்கு, கழட்டிடவா?" என்று பெள்ளி அண்ணன் அவர் காதுபடவே கேட்பார். மேடம் சிரிக்காமல், "கழட்டுங்க, நீங்களும் நனைவீங்க" என்பார்.

வந்த புதிதில் மேடமும் ஒரு தவறு செய்தார். சமவெளியில் செய்கிற மாதிரி, சரிவான ஒரு தெருவின் மேல் பக்கம் கல் நிரப்பிய பள்ளம் வெட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினார். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு கீழே இருந்த வீட்டின் தாங்குசுவர் வயிறு தள்ளி நின்றது. அன்று காலை மேடம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றதை நான் பார்த்தேன். "நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். உங்க ஊட்டுக்கு மேல தண்ணியக் கொண்டாந்து நிறுத்துனது நானு. மொதல்ல எல்லாரும் வெளிய வாங்க, பள்ளத்த இன்னைக்கே மூடிப்போடறோம்" என்றார். மூடும் வரை அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தின் முதல் விதி: சரிவில் தண்ணீரை நிறுத்தாதே, சமமான அடிப்பள்ளத்துக்குக் கொண்டுபோ. மலையில் அடிப்பள்ளங்கள் கொஞ்சம். அதிலும் வீடு கட்டாத பள்ளம் அதைவிடக் கொஞ்சம்.

இரண்டாவது விதி, மழைநடை. வரைபடத்தில் யார் கோடு போடுகிறாரோ அவர் அந்த இடத்தில் மழையில் நின்றிருக்க வேண்டும். அதுவும் தனியாக. நான் காரணம் கேட்டேன்.

"ரெண்டு பேரு போனீங்கன்னா பேச்சுத்தான் கேக்கும் தம்பி. தண்ணி கேக்காது."

கையில் ஒரு பை பொரி. கடையில் விற்கும் சாதாரணப் பொரிதான். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஒரு பிடி அள்ளிப் போட வேண்டும். வெள்ளையாக மிதப்பதால் எந்த வழியில் போகிறது, எங்கே வேகம், எங்கே சுழல் என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தேங்கும் இடத்தில் பொரி ஓரமாக ஒதுங்கி, வெள்ளை விளிம்பு கட்டி நிற்கும். அந்த விளிம்பில் முளை அடித்துச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். மழை விட்டதும் பொரியைப் பறவைகள் தின்றுவிடும், முளைகள் இருக்கும். பிறகு அளவெடுத்து வரைபடத்தில் ஏற்றுவோம். "கோடு போடறது நாம இல்லீங்க, தண்ணி போடுது. நாம அதுக்கு எழுத்தர்" என்பார் மேடம்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது ஒருவனைத் தனியாக்கிவிடும். மழை என்றால் ஊர் முழுக்க உள்ளே போய்க் கதவைச் சாத்தும். அப்போதுதான் நான் வெளியே கிளம்புவேன். வழியெங்கும் ஜன்னலுக்குள் வெளிச்சமும் பேச்சும். எங்கள் காலனியில் என்னை 'ஆபீஸ்காரன்' என்றார்கள். அலுவலகத்தில் 'எஸ்டேட் பையன்' என்றார்கள். இரண்டிலும் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டிலும் இடமும் இல்லை.

ஒரு நாள் மேடம் மேசையில் படத்தை விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். மேலே மூன்று சரிவுகளிலிருந்து தண்ணீர் சேரும் பள்ளம். அதற்குக் கீழே ஆற்றோர வீடுகள் வரை ஒரு கைப்பிடி மண் காலி இல்லை. "இங்க நிறுத்துனா ஆத்தோரத்து ஊடுக தப்பிச்சுக்கும். புல்தரைன்னு போட்டிருக்கு. கட்டடம் ஒண்ணுமில்ல. மழைநடை நீங்க போங்க தம்பி."

படத்தில் அது புல்தரை. எனக்கு அது எங்கள் காலனியின் இடுகாடு.

எங்கள் ஆட்கள் கல்லறை கட்டுவதில்லை. மண் மூடி, தலைமாட்டில் ஒரு டேலியாக் கிழங்கு ஊன்றுவார்கள். வருடா வருடம் முதல் மழைக்கு முளைத்து வந்து பூக்கும். பூ இருக்கும் மாதங்களில் அது இடுகாடு. மற்ற மாதங்களில் படத்தில் போட்டிருப்பதைப் போல வெறும் புல்தரை. அப்பா அங்கேதான் இருக்கிறார். மேடத்திடம் அப்போதே சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "வேற ஆளை அனுப்பட்டுங்களா?" என்றார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். யாரோ ஒருவர் அங்கே மிதித்துக்கொண்டு நிற்பதைவிட நான் நிற்பது மேல் என்று நினைத்தேன்.

பகல் நேரத்து மழை. மேல் சரிவிலிருந்து தண்ணீர் பழுப்பாக இறங்கிப் பள்ளத்தில் பரவியது. பொரியை அள்ளிப் போட்டேன். மேலே பாதையில் யாரோ நிற்பதைக் கவனிக்கவில்லை.

"ஏன்டா தம்பி! யாருடா செத்தது? பொரி எறைக்கிற?"

செல்வமணி அக்கா. எங்கள் லயத்தில், காலனியின் வரிசை வீடுகளில், அடுத்த வீடு. மழைக்கு இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கொழுந்துக் கூடையோடு நின்றார். பொரி இறைத்தபடி போனால் எங்கள் ஊரில் அது பிண ஊர்வலம். இத்தனை நாள் நகரத்து வாய்க்கால்களில் இறைத்தபோது எனக்கு அது தோன்றியதே இல்லை.

"யாரும் சாகலக்கா. ஆபீஸ் வேல. தண்ணி எங்க நிக்கிதுன்னு பாக்குறேன்."

"நம்ம பள்ளத்துல நிக்கிற தண்ணிக்கு ஆபீசுல என்ன வேல?"

பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். நான் முளை அடித்தேன். பொரி கீழ் வரிசை முழுவதையும் சுற்றி வளைத்து வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. கீழ் வரிசையில் செல்வமணி அக்காவின் மகள் இருக்கிறாள், பள்ளிக்கூடம் சேரும் முன்பே காய்ச்சலில் போனவள். விளிம்பு அப்படியே வளைந்து மேலே வந்து, அப்பாவின் டேலியாவுக்கு ஒரு சாண் கீழே நின்றது. நான் காத்திருந்தேன். மழை வலுத்தது. பொரி அங்கேயே நின்றது, ஏறவில்லை. அடித்த முளைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா இருந்த இடம் இயல்பாகவே மேடு. அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கூட்டம் போட்டோம். மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார். புதைத்த குழியைத் தோண்ட மாட்டோம்; பெருமழைக்கு மட்டும் தண்ணீர் வந்து நின்று ஓரிரு நாளில் வடியும்; புதிதாக அடக்கம் செய்ய மேலே இடம் தருகிறோம்; நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் செய்ய மாட்டோம்; ஆனால் ஆற்றோர வீடுகளுக்கு வேறு வழி இல்லை. ஆட்கள் அமைதியாகக் கேட்டார்கள். வெள்ளம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செல்வமணி அக்கா எழுந்தார்.

"அந்தச் செவப்புத் துணி கட்டுன கோட்ட யாரு போட்டது?"

"நான்தாங்கக்கா."

"எம்புள்ள எங்க வருது? தண்ணிக்கு உள்ளயா, வெளியவா?"

"உள்ளக்கா."

"ஒங்கப்பன்?"

 பின்னால் யாரோ, "படிச்ச புள்ளடி, அப்பன நனைய வுடுவானா?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

மேடம் குறுக்கிட்டார். "ஏனுங்க அம்மா, அது இவரு போட்டதில்லீங்க. தண்ணி போட்ட கோடு."

"தண்ணிக்கு நம்ம லயத்துல சொந்தக்காரன் இருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியுது, மேடம்" என்றார் செல்வமணி அக்கா. கத்தவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் அதோடு கலைந்தது.

அம்மாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டு எனக்கு முன்னால் வைத்தார்.

"அந்தக் கோட்ட அழிச்சிட்டு ஒங்கப்பாவயும் உள்ள சேத்துப் போடு."

"தண்ணி அங்க வராதும்மா."

"வராட்டி வெட்டி வுடு."

"டேலியா அழுகிப் போயிரும்."

"அழுகட்டும்." அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். "நீ நாளைக்கு ஆபீஸ், வேற ஊருன்னு போயிருவ. நான் இந்த லயத்துலதான் சாகணும். தூக்குறதுக்கு நாலு பேரு வேணும். விளங்குதா?"

எனக்கு விளங்கியது. நான் படித்த படிப்பில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. அம்மா கேட்டதற்கு அதில் கணக்கு இல்லை.

மறுநாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அப்பா இருக்கும் இடத்துக்கு மேலே ஒரு வளைவை விரலால் காட்டினேன்.

மேடம் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "இது தண்ணி போட்ட கோடு இல்லீங்களே, தம்பி."

"இல்லீங்க மேடம்."

"தெரிஞ்சேதான் கேக்கறீங்களா?"

"ஆமாங்க."

"ஆத்தோரத்து ஊடுகளுக்கு இதனால ஏதாச்சும் குறையுதா?"

"இல்லீங்க. கொஞ்சம் மண்ணு கூட வெட்டணும், அவ்வளவுதான்."

பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப உங்க கையால போடுங்க. எனக்குப் போட வராதுங்க."

போட்டேன். அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைக் காலனிக்குக் கொண்டுபோனோம். செல்வமணி அக்கா வளைவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "ம்" என்றார். வேறு யாரும் மறுக்கவில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டது.

பள்ளத்தில் மண் வேலைக்குக் காலனி ஆட்களே வந்தார்கள். எல்லாக் கரையையும் செதுக்கினார்கள். அந்த வளைவு வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "அவனவன் வீட்டுக் குழிய அவனவன்தான் தொடணும்." அதுதான் எங்கள் வழக்கம். நானே இறங்கினேன். அப்பாவின் மேல் இருந்த மண்ணை ஒரு சாண் மட்டும் சீவி எடுத்தேன். டேலியாக் கிழங்கு வெட்டுப்படாமல் கையோடு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன். பார்க்காமல் இருந்ததுதான் அவர்கள் தந்த மரியாதை என்று இப்போது நினைக்கிறேன். எது சரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாரிடமும் எனக்குப் பேச்சு இல்லை.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பலமாக இறங்கியது. நான் பொரிப் பையோடு பள்ளத்துக்குப் போனேன். காலனியிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று சரிவுத் தண்ணீரும் பள்ளத்தில் நட்டிருந்த கோரைக்குள் புகுந்து, சத்தம் குறைந்து, அகலமாகப் பரவியது. பொரி கீழ் வரிசையைச் சுற்றி நின்றது. வளைவுக்குள் அது போக விரும்பவேயில்லை. நீண்ட நேரம் வாசலில் மிதந்து ஆடிக்கொண்டிருந்துவிட்டு, எல்லா இடமும் நிறைந்த பிறகு, கடைசியாக அப்பாவின் பக்கம் திரும்பியது. அது உள்ளே போய்க் கரையைத் தொட்டு நிற்கும் வரை நின்றிருந்தேன்.

அங்கிருந்து நேராக ஆற்றோர வீடுகளுக்கு நடந்தேன். ஆறு கரைக்குள் ஓடியது. திறந்திருந்த ஒரு வாசலில் எட்டிப் பார்த்தேன். பாத்திரங்கள் தரையில் இருந்தன. உள்ளே இருந்த பெண், "யாருங்க? என்ன வேணும்?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்பினேன். வெள்ளம் வராத வீட்டில் இருப்பவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. எங்கள் வேலை அப்படிப்பட்டது.

மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பிறகு அலுவலகமும் போனது. அம்மா போன மழைக்காலத்தில் இறந்தார். நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. எப்படிச் சொல்வது என்று கதவருகே நின்றுகொண்டிருந்தபோதே ஆட்கள் வந்துவிட்டார்கள். தூக்கியவர்களில் முன்னால் நின்றது செல்வமணி அக்காவின் கணவர். பொரிப் பையை என் கையிலிருந்து வாங்கி, வழி முழுக்க அவர்களே இறைத்தார்கள். மேலே புதிய இடத்தில் அடக்கம். முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க யாரும் நிற்கவில்லை. ஆனால் அம்மா கேட்ட நாலு பேருக்கு மேலேயே வந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். டேலியா நீரில் நிற்காது, அழுகிவிடும். கீழ் வரிசையில் அது இல்லாமல் போய் வெகுகாலமாயிற்று. இப்போது ஒவ்வொரு தலைமாட்டிலும் கல்வாழை நின்றது. ஈரத்தில் செழிக்கிற செடி, சிவப்புப் பூ. செல்வமணி அக்கா தன் மகளுக்கு ஊன்றத் தொடங்கி, பிறகு வரிசை முழுக்க ஊன்றியிருக்க வேண்டும். வளைவுக்குள் அப்பாவின் தலைமாட்டிலும் ஒன்று இருந்தது. நான் வைக்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் சரிவில் இறங்க முழங்கால் இடம் கொடுக்காமல் போய் வருடங்கள் ஆகியிருந்தன. செல்வமணி அக்கா இன்று வரை என்னோடு பேசுவதில்லை. அப்பாவுக்கு ஊன்றியது யார் என்று நானும் கேட்கவில்லை.

தம்பிகளே, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அளவு தப்பில்லை. நான் போட்ட கோடுகளில் தண்ணீர் போடாத கோடு அது ஒன்றுதான். நிரப்பினால் ஆற்றுக்கு ஒரு நட்டமும் வராது; கணக்குப்படி உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் என்னிடம் கேட்க வேண்டாம். காலனியில் செல்வமணி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். அவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு மழைக்கு அங்கே போய் நில்லுங்கள். பொரி வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டாம்.